முன்வரிசைப் பாடு

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் பேருந்து. நிற்பவர்களே பதினொருவர். என் முன்னிருக்கையில், சலங்கைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் காலி மீன்கூடைகளோடு அவள் சித்தி. மூன்று கூடைகளில் ஒன்று என் காலில் இடித்துக்கொண்டே வந்தது. திருப்பாலைவனம் தாண்டியதும் அந்தப் பெண் சொன்னாள்:

"சித்தி, எப்பவும் முன்னாடி ஆடுற டீச்சர் பொண்ணு இந்த வாட்டி பின்னாடி நின்னு ஆடப்போவுது."

"இன்னாடி சொல்ற? உன்னைத்தான் கிளாஸ வுட்டுத் தொரத்தப்போறாங்கன்னு உங்க நைனா சரியாவே சாப்பிடல."

"நானும் அப்படித்தான் பயந்தேன். ஏரில நல்ல எடத்துல முறை வெச்சு வலை போடுறோமே, அந்தப் பாடு மாதிரி டான்ஸ்லயும் முன்வரிசைய மாத்தி மாத்திக் குடுங்கன்னு போன்ல எழுதிப் போட்டேன்ல?"

"ஊரே ஹார்ட் போட்டுச்சே!"

"எங்கெங்கயோ இருக்குற டான்ஸருங்க போட்டாங்க. ஹார்ட் போடுறது சுலபம் சித்தி. எங்க கிளாஸ்ல ஒருத்தியும் என்கூட பேசல. இன்னிக்கு டீச்சர் தனியா கூப்ட்டாங்க. தொலைஞ்சோம்னு நெனச்சுக்கினே போனேன். 'உங்க ஏரில யாருக்கு எப்போன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?'ன்னு கேட்டாங்க. சீட்டு குலுக்குவோம்னேன். எல்லாரையும் கூப்ட்டு அங்கயே குலுக்கிட்டாங்க."

"அப்பாடா! அப்போ கோயில் விழால நீ முன்னாடியா?"

"நான்தான் முன்னாடி. நைனாவுக்கு இன்னும் சொல்லல."

சித்தி அவள் முதுகில் ஓங்கித் தட்டினாள். "அடுத்த விழாவுக்கும் நீதான்னு பேசிட்டு வந்துட வேண்டியதுதானே?"

"அதெப்படி சித்தி? பாடு முடிஞ்சா வலைய எடுத்துக்கினு வந்துறணும்ல."