ஒத்தக்காதன் வீடியோ

அண்ணி: தொண்ணூத்தி நாலு சதவீதமா! நம்ம நாய்க் காப்பகத்து சைட்டுக்கு அவ்ளோ கூட்டமா? உன் வாயில சர்க்கரையத்தான் போடணும்!

கொழுந்தன்: கூட்டம் இல்ல அண்ணி, எடை! மாசத்துக்கு இவ்ளோ டேட்டாதான்னு கம்பெனிக்காரன் அளந்து குடுத்திருக்கான். அதுலதான் தொண்ணூத்தி நாலு சதவீதம் போயிடுச்சு. தீந்துச்சுன்னா சைட்ட மூடிடுவான்.

அண்ணி: எப்ப?

கொழுந்தன்: இதே வேகத்துல போனா... மத்தியானத்துக்குள்ள.

அண்ணி: டேய்! சாயங்காலம்தானே நாய் எடுத்துக்கிறவங்க அதுல பேர் குடுக்கப் போறாங்க! ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே!

கொழுந்தன்: அதான் விழுந்தடிச்சு ஓடி வந்தேன். தள்ளுங்க... இந்த நாய்க்குட்டி போட்டோவ யாரு போட்டது? கேமராவுலேர்ந்து அப்படியே தூக்கி...

அண்ணி: நான்தான். மூக்குல இருக்கிற முடிகூடத் தெரியணும்ல?

கொழுந்தன்: தெரியுது, நல்லாவே தெரியுது. அந்த முடி வந்து சேர்றதுக்குள்ள பாக்குறவன் தூங்கிடுவான். எல்லாத்தையும் சுருக்குறேன்... இப்பப் பாருங்க. ஏதாவது வித்தியாசம் தெரியுதா?

அண்ணி: இல்லையே!

கொழுந்தன்: பத்துல ஒரு பங்குதான் எடை!

அண்ணி: அட, கெட்டிக்காரா! சரி... இந்த டேட்டா கணக்குல நீளமா ஒரு கோடு, அது என்ன? எல்லாத்தையும் முழுங்கிட்டு நிக்குதே?

கொழுந்தன்: அது... ஏதோ வீடியோ.

அண்ணி: ஏதோவா? நகரு. ஐயோ, நம்ம ஒத்தக்காதன்!

கொழுந்தன்: யாருமே கேக்காத கிழட்டு நாய்னு நீங்கதானே சொன்னீங்க? வீடியோவ எடுத்துட்டா பிரச்சினை தீந்துச்சு. எடுத்துடட்டா?

அண்ணி: கைய வெச்சுப் பாரு! யாரோ அதத் திரும்பத் திரும்பப் பாக்குறாங்கடா! எல்லாம் ஒரே ஆளு! காலையில, சாப்பாட்டு நேரத்துல, படுக்கப் போறப்ப...

கொழுந்தன்: ஏதாவது ரோபோவா இருக்கும்.

அண்ணி: ரோபோ ஞாயித்துக்கிழமை லீவு போடுமா? பாரு, ஞாயிறு மட்டும் காணோம்.

கொழுந்தன்: இந்தாங்க, வீடியோவயும் சுருக்கியாச்சு. கோடு ஏறுற வேகம் எப்படிக் கொறஞ்சுடுச்சு பாருங்க! சாயங்காலம் எவ்ளோ பேர் வேணா வரட்டும்!

அண்ணி: அப்பாடா, பொழைச்சேன்! ...ஆமா, ஞாயித்துக்கிழமை அந்த ஆளு எங்க போயிருப்பாங்க?

கொழுந்தன்: எனக்கென்ன தெரியும்?

அண்ணி: இங்க வந்திருப்பாங்களோ?

கொழுந்தன்: வேலதான் முடிஞ்சுதே, கம்ப்யூட்டர மூடிடட்டா?

அண்ணி: ஞாயித்துக்கிழமை இங்க வர்றது நீ ஒருத்தன்தான். வந்து, நாற்காலி மேல கால மடக்கி வெச்சுக்குவ. நாயக் கண்டாலே உனக்குக் குலை நடுங்கும்.

கொழுந்தன்: இப்பவும் நடுங்குது அண்ணி! பாத்துப் பாத்துப் பழகினா பயம் போயிடும்னு நெனச்சேன். போகல. ஆனா... அவனப் பாக்காம இருக்க முடியல. இன்னிக்கு வேற யாராவது பாத்து ஆசைப்பட்டுட்டா? அதான் வீடியோவ எடுத்துடலாம்னேன். அவன எனக்குக் குடுப்பீங்களா?

அண்ணி: யாருமே கேக்கலன்னு உன்கிட்ட சொன்னது பொய்டா. மூணு பேர் கேட்டாங்க... அவனுக்கு ஏற்கெனவே ஆள் இருக்காங்கன்னு திருப்பி அனுப்பிட்டேன். நீ எப்பதான் வாயத் தொறப்பேன்னு காத்துக்கிட்டிருந்தேன்!