விஷராணிக்கு வேறொரு முடிவு

முன்னிருக்கையிலிருந்து மில் எண்ணெயும் பஞ்சும் கலந்த வாடை வந்தது; வேலை முடிந்து வரும் என் அக்காவின் முந்தானை வாடை. ராஜபாளையத்தில் பேருந்து ஏறிய இரண்டு பெண்கள் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அந்த மாயாஜாலத் தொடர்ல விஷராணியக் கொன்னிருக்கப்படாது. நானா இருந்தா அவளத் திரும்ப அவ பொறந்த கோட்டைக்கே அனுப்பியிருப்பேன்.”

“வாசல்ல அவ அண்ணன் வாளோட நிப்பானே?”

“அம்மா குறுக்க வந்துருவா.”

“வராட்டி?”

முதலில் பேசியவள் மடியிலிருந்த பொட்டலத்தை இறுக்கிக்கொண்டாள்.

“ஓடிப்போய்க் கல்யாணம் கட்டின பொறவு இன்னைக்குத்தான் பொறந்த வீட்டுக்குப் போற. என்னட்டி வாங்கியிருக்க?” என்றாள் தோழி.

“பால்கோவா.”

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பால்கோவாவா? கூறுகெட்டவளே!”

இருவரும் சிரித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பேருந்து நின்றதும் சிரிப்பும் நின்றது. பொட்டலத்தோடு அவள் மட்டும் இறங்கினாள். தோழி சன்னலில் தலையை நீட்டினாள்.

“ஏட்டி, அண்ணன் வாசல்ல நின்னா உள்ள போவாத. வெளிய நின்னே அம்மாவக் கூப்புடு. தெருவே கேக்கட்டும்!”