ட்ரென்ட் மல்விக்கு ஓர் இரங்கலும் ஒரு திருத்தமும்

கரிங்கா ஊரின் அலைமீட்புக் கழகத் தலைவரும், இந்தக் கூட்டத்தின் தலைவரும், நான் பத்து நிமிடத்துக்கு மேல் பேசிவிடக் கூடாதே என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துக் காவல் இருப்பவருமான திரு. நெவில் க்ராஃப்ட் அவர்களே! நாம் யாரும் வருவதற்கு எத்தனையோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கரையைக் காத்து நின்ற யுயின் பழங்குடி மக்களின் மூத்தோர்களே! ஒன்பது மணிக்கே வந்து முன்வரிசையைத் துண்டு போட்டுப் பிடித்துவிட்ட தாய்மார்களே! வாசலில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்துக் கொடுத்து, உள்ளே இருக்கிற எங்கள் நாவில் நீரூற வைத்துக்கொண்டிருக்கும் தீயணைப்புத் தொண்டர்களே! பின்சுவர் ஓரத்தில் தேநீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் நின்று, யாருக்கு எத்தனை பிஸ்கோத்து என்று கண்ணாலேயே அளக்கும் ஜாய்ஸ் அவர்களே! கடைசியாக, இறந்துபோனவரே!

ஆமாம், மூன்றாம் வரிசையில் அமர்ந்து இரண்டாவது லாமிங்டன் கேக்கைத் தின்றுகொண்டிருக்கும் இறந்துபோனவரே, உங்களுக்கும் என் வணக்கம். எழுந்திருக்க வேண்டாம் மார்கோ. இறந்தவர்கள் எழுந்தால் இந்தத் தாய்மார்கள் தாங்கமாட்டார்கள்.

எந்த ஊரிலாவது இப்படி ஒரு கூட்டம் நடக்குமா? தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாத்திரம் செத்ததற்கு மண்டபம் பிடித்து, மாலை கட்டி, கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி, நடித்த மார்கோவையும் கூப்பிட்டு உட்காரவைத்து அழுகிற ஊர் எந்த ஊர்? நம் ஊர். முப்பத்தோரு வருடமாக 'சிப்பித்துறை' தொடரை நம் கடற்கரையில் எடுக்கிறார்கள். நம் மீன்கடைதான் அதில் மீன்கடை, நம் கல்லறைதான் அதில் கல்லறை. வெளியூர்க்காரர்கள் சிரிக்கட்டும். நமக்கு ட்ரென்ட் நம் பிள்ளை.

என்ன பிள்ளை அவன்? திருட்டுக் காரில் வந்து இறங்கினான், பதினாறு வயதில். வந்த வாரமே வம்பு, மறுவாரம் வழக்கு, மூன்றாம் வாரம் முதல் காதல். அந்த மூன்றும் பதினாறு வருடமாக மாறி மாறி அவனைவிட்டு அகலவில்லை. ஒரே பெண்ணை இரண்டு முறை மணக்கப் போனான், இரண்டு முறையும் மணமேடையில் யாரோ ஓடிவந்து நிறுத்தினார்கள். செய்யாத குற்றத்துக்குச் சிறை போனான், செய்த குற்றத்துக்குப் பாராட்டு வாங்கினான். நினைவிழந்தான், நினைவு வந்தது, வந்த நினைவு வேறு ஒருவனுடையது என்றார்கள். கலங்கரை விளக்கிலிருந்து விழுந்து பத்தொன்பது வாரம் கோமாவில் கிடந்தான்.

என்ன ஜாய்ஸ்? உன் பக்கத்தில் நிற்கிறவர் இருபத்தோரு வாரம் என்கிறாரா? சரி, இருபத்தோரு வாரம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், அங்கே நிற்பவர் முகம் தெரியவில்லை. யாராக இருந்தாலும் சரி, பிழை திருத்துகிறவரை நான் மதிப்பவள். ஏனென்றால் என் தொழிலே அதுதான்.

புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன். நான் க்ளெனிஸ் ட்ரெகியர். 'சிப்பித்துறை'யில் முதல் நாளிலிருந்து கன்டினியுட்டி பார்க்கிறவள். போன காட்சியில் கோப்பை வலக்கையில் இருந்தால் இந்தக் காட்சியிலும் வலக்கையில் இருக்கிறதா? முந்தாநாள் அடிபட்ட கண் இன்று வீங்கியிருக்கிறதா? இதையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிவைத்துக் கழுத்தறுக்கிற கிழவி நான்தான். நடிகர்கள் மறப்பார்கள், இயக்குநர்கள் மாறுவார்கள், எழுதியவர்களே எழுதியதை மறந்துவிடுவார்கள். க்ளெனிஸ் மறக்கமாட்டாள் என்பது படப்பிடிப்பில் எல்லோருக்கும் தெரியும்.

போன மார்ச்சில் கதை அறையில் ஃபெலிசிட்டி, எங்கள் கதைக்குழுவின் தலைவி, பலகையில் 'ட்ரென்ட் சாகிறான்' என்று எழுதினாள்.  எப்படி என்று கேட்டேன். கடலில் மூழ்குகிறான் என்றாள். முடியாது, நானூற்றுப் பதினோராம் பகுதியில் அவன் உயிர்மீட்புப் பதக்கம் வாங்கினான், ஒன்றரைக் கிலோமீட்டர் நீந்துவான் என்றேன். பாம்பு கடிக்கட்டும் என்றாள். அறுநூற்று ஆறில் கடித்தாயிற்று, மறுநாள் அவன் நடனமாடினான் என்றேன். மின்னல்? அதுவும் ஆயிற்று. தேனீ? ஒருமுறை தேன்கூட்டில் தலையை விட்டவன் அவன், ஒன்றும் ஆகவில்லை. ஆறு வாரம் அவள் ஒரு சாவைக் கொண்டுவருவாள், நான் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவருவேன். கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"க்ளெனிஸ், நீங்க யார் பக்கம்? அவன் என்ன உங்க பெத்த புள்ளையா?"

அந்தக் கேள்விக்குப் பதிலை இன்று சொல்கிறேன். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள் நெவில், இதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்குத் தெரியும், எனக்கு ஒரு மகன் இருக்கிறான், பெயர் லூக். பதினாறு வருடத்துக்கு முன்பு, அவனுக்குப் பதினேழு வயது. நம் கழகத்தின் படகுக் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, சின்ன கேஸ் அடுப்பில் சாசேஜ் சுட்டுத் தின்றான். கொட்டகை பற்றிக்கொண்டது. மூன்று மீட்புப் படகுகள் சாம்பல். அங்கேதான் நெவிலின் நாய் மேஜர் படுத்திருந்தது. நாயை உள்ளே விட்டுவிட்டு லூக் ஓடிவிட்டான் என்றும், மேஜர் தன் சாமர்த்தியத்தால் எப்படியோ தப்பியது என்றும் ஊர் சொன்னது. பையனைவிட நாய்க்கு மூளை அதிகம் என்று சொல்லாதவர் யார்? நீங்களும் சொன்னீர்கள். நானும், மறைத்து என்ன பயன், சிரித்தேன்.

அதோடு விட்டேனா? திங்கட்கிழமை கதை அறைக்குப் போய் அந்தக் கதையை நடித்துக் காட்டினேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்தவர்கள் அதை எடுத்து ட்ரென்ட்டுக்குக் கொடுத்தார்கள். கொட்டகை, தீ, நாய், ஓட்டம், எல்லாம். நாய் குதித்துத் தப்ப ஒரு ஜன்னலையும் சேர்த்தார்கள். லூக்கின் இடது உள்ளங்கையில் அப்போது ஒரு சூட்டுத் தழும்பு. கெட்டில் சுட்டது என்றான், நம்பினேன். அந்தத் தழும்பையும் ட்ரென்ட்டுக்குக் கொடுத்தேன். பெற்ற பிள்ளையின் அவமானத்தைப் பத்து லட்சம் வீட்டுக் கூடத்தில் பரிமாறினேன். தாயா நான்? அன்று நான் தாயாக இல்லை.

ஒளிபரப்பானபோது அவன் மீன்கடையில் நின்று அதைப் பார்த்தானாம். சுற்றி இருந்தவர்கள் அவனைப் பார்த்துக் குரைத்தார்களாம். வீட்டுக்கு வந்து பையைக் கட்டினான். வாசலில் நின்று ஒன்றே ஒன்று சொன்னான்.

"அம்மா, நான் பண்ணத ஊர் மறந்திருக்கும். நீ மறக்க விடமாட்ட."

மேற்கே, கல்கூர்லியின் தங்கச் சுரங்கத்துக்குப் போய்விட்டான். கண்டத்தின் அந்தக் கோடி. இரண்டு வருடம் ஒரு சேதி இல்லை. பிறகு ஒரு வியாழன், ஏழரை மணிக்கு, தொடர் முடிந்த கையோடு தொலைபேசி அடித்தது. அன்று ட்ரென்ட்டின் நினைவில் பழைய தீ விபத்தை மறுபடி காட்டியிருந்தோம். லூக்கின் குரல். நலமா என்று கேட்கவில்லை. நம் ஊர்க் கொட்டகையில் ஜன்னலே கிடையாது, நீங்கள் ஜன்னல் வைத்திருக்கிறீர்கள் என்றான். வைத்துவிட்டான்.

நான் என்ன செய்தேன்? தாயாக அழுதேன், தொழிலாளியாகக் குறிப்பேட்டில் எழுதினேன். 'பிழை: ஜன்னல்.' அடுத்த வியாழன் தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் எனக்கு ஒரு புத்தி வந்தது. ட்ரென்ட்டின் இடக்கைத் தழும்பை வலக்கைக்கு மாற்றினேன். ஏழரைக்கு மணி அடித்தது!

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். பதினான்கு வருடமாக இந்த நாட்டு ரசிகர்கள் 'சிப்பித்துறை'யின் பிழைகளைப் பட்டியல் போட்டு எங்களைக் கேலி செய்கிறார்களே, அந்த முதல் ஜன்னலைத் தவிர அத்தனையும் நான் அறிந்தே செய்தவை! தழும்பு கை மாறியது, நான். சவப்பெட்டி நிறம் மாறியது, நான். திருமணத்தில் மணப்பெண் காலணி ஒன்று வெள்ளை ஒன்று பழுப்பு, அதுவும் நான்தான். கிழவிக்கு மறதி வந்துவிட்டது என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டேன். வாரத்துக்கு ஒரு பிழை, பிழைக்கு ஒரு அழைப்பு, அழைப்புக்கு ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் இருமுகிறானா, சாப்பிட்டானா, தனியாக இருக்கிறானா என்று குரலிலேயே கண்டுபிடிப்பேன்.

இப்போது புரிகிறதா, ட்ரென்ட்டை ஏன் சாகவிடவில்லை என்று? ட்ரென்ட் போனால் வியாழன் போகும். வியாழன் போனால் என் மகன் போவான்.

ஆனாலும் தோற்றேன். போன வியாழன் புயலில் ஒரு குழந்தையைக் கரைசேர்த்துவிட்டு ட்ரென்ட் கடலோடு போனான். உடல் கிடைக்கவில்லை. அதைச் சண்டைபோட்டு வாங்கியவள் நான். எங்கள் தொழிலில் உடல் கிடைக்காத சாவு, சாவு அல்ல, விடுப்பு. மார்கோ, அந்த லாமிங்டனை மெதுவாகத் தின்னுங்கள், என்றைக்காவது உங்களைக் கூப்பிடுவோம். அந்தக் கடைசிக் காட்சியில், அலைக்கு நடுவே அவன் நினைவில் பழைய கொட்டகை வரும். அதில் மறுபடி ஜன்னல் வைத்தேன். முதல் பிழையையே கடைசிப் பிழையாக வைத்தேன். ஏழரை ஆனது. எட்டு ஆனது. மணி அடிக்கவில்லை. வெள்ளியும் அடிக்கவில்லை. இன்று சனி.

அதனால் இந்த மேடையில், இத்தனை பேர் சாட்சியாக, எங்கேயோ இருக்கும் அவனுக்குச் சொல்கிறேன். லூக், நான் செய்தது தப்பு. நீ நாயை விட்டுவிட்டு ஓடியவனாகவே இருந்தாலும் என் பிள்ளைதான், அதை நான் விற்றிருக்கக் கூடாது.

என்ன ஜாய்ஸ்? மறுபடியும் அவரா? ஐயா, நான் பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இதில் என்ன திருத்தம்? கைதூக்கிக்கொண்டே நின்றால் எப்படி, வாயைத் திறந்து நீங்களே சொல்லுங்கள்.

...

இரு. இரு, லூக். அங்கேயே நில்.

மன்னிக்க வேண்டும், முன்வரிசைத் தாய்மார்களுக்குக் காதில் விழுந்திருக்காது. பேசியவர் சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொல்கிறேன், எனக்கு அது பழக்கம்.

"ஜன்னல் இல்லேன்னு பதினாலு வருஷமா சொல்றேன். அப்ப மேஜர் எப்படிம்மா வெளிய வந்துச்சு? நான் வெளிய வந்ததும் காத்துல கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்துருச்சு. திரும்பிப் போயி நான்தான் தொறந்தேன். இரும்பு பழுத்துப்போயி இருந்துச்சு. யாரும் கேக்கல. நீயும் கேக்கல."

கேட்டீர்களா? கோப்பை எந்தக் கையில் என்று கேட்டவள் நான். காலணி எந்த நிறம் என்று கேட்டவள் நான். ஜன்னல் இல்லை என்று அவன் சொன்னதை என் கையாலேயே எழுதிக்கொண்டு, அப்படியானால் நாய் எப்படி வெளியே வந்தது என்று ஒருநாள் கேட்டேனா? உள்ளங்கையில் கோடு கோடாகத் தழும்பு. கெட்டில் சுட்டால் கோடு கோடாகவா சுடும்? பதினான்கு வருடப் பிழைகளில் இது ஒன்றுதான் நான் அறியாமல் செய்தது. குறிப்பேடு இதோ இருக்கிறது, பேனாவும் இருக்கிறது, எழுதுகிறேன். 'பிழை: அம்மா. நாயை அவன் விட்டு ஓடவில்லை.' தேதி போட்டுவிட்டேன்.

நெவில், எங்கே எழுந்துவிட்டீர்கள்? படி பார்த்து இறங்குங்கள், உங்கள் முழங்கால் சரியில்லை. தலைவர் கொதிகலன் பக்கமாகப் போகிறார். வழி விடுங்கள், அவர் கைகொடுக்கப் போகிறார் என்று நினைக்கிறேன். இல்லை, கட்டிக்கொண்டுவிட்டார். கண்ணாடி இல்லாமலே தெரிகிறது.

கூட்டத்தின் தலைவர் இறங்கிய பிறகு மேடையில் நின்று பேசுவது முறை அல்ல. ட்ரென்ட்டுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கலாம் என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. எப்படியும் எல்லோரும் எழுந்து திரும்பி நின்று என் மகனைத்தான் பார்க்கிறீர்கள், அதையே மரியாதையாக வைத்துக்கொள்வோம். வந்த மூத்தோர்களுக்கு நன்றி, அழுத தாய்மார்களுக்கு நன்றி, செத்த மார்கோவுக்கு மிகவும் நன்றி. சாசேஜ் ஆறுவதற்குள் எல்லோரும் சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜாய்ஸ், அவனுக்குத் தேநீர் கொடு, பாலோடு இரண்டு சர்க்கரை. என்ன, தலையை ஆட்டுகிறானா? ஒன்று போதுமா? சரி லூக், ஒன்று. எழுதிக்கொண்டேன். அனைவருக்கும் வணக்கம்.