ஆறாம் ஆட்டக்காரருக்குப் போட்ட இரண்டு மார்க்

கம்பியில் வரும் குரலைக் காத்துக் கொடுத்த கண்ணியரே! முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் தொலைபேசி நிலையத்தின் முதல் இருக்கையை முகம் சுளிக்காமல் காத்த மூத்தவரே! சவரியப்பன் ஐயா அவர்களே!

குவைத்தில் போர் மூண்ட நாட்களில், நம் ஊர் கமருன்னிஸா அம்மாள் அங்கிருந்த தம் மகன் குரலைக் கேட்கும்வரை மூன்று பகல் இருக்கையை விட்டு எழாதவர் நீங்கள். அன்றே உங்களுக்கு ஐம்பது கடந்திருந்தது.

கிரிக்கெட் என்றால் எங்களுக்குக் கைதட்டல்; உங்களுக்குக் கணக்கு. ஆட்ட நாளின் காலையில் கரும்பலகையில் நம் அணியின் மட்டையாளர்களை வரிசையாக எழுதிப் பத்துக்கு மார்க் போடுவீர்கள். இந்தக் கோப்பைத் தொடரின் முதல் நாளில் முதல் மூவருக்கு எட்டு, அடுத்த இருவருக்கு ஆறு, ஆறாமவருக்கு இரண்டே இரண்டு! "வயசு முப்பத்தாறு. காலு நகரல. நாலு விக்கெட் போனா இந்த டீம்ல நிக்க ஆளில்ல" என்றீர்கள். இந்த அணி இறுதி ஆட்டத்தை எட்டாது, கோப்பை கைக்கு வராது என்றும் முடித்துவிட்டீர்கள்.

உங்கள் வாக்கை நம்பி, இறுதி ஆட்ட நாளிலேயே உங்கள் பணி ஓய்வு விழாவுக்கு இந்த மண்டபத்தைப் பிடித்தோம். அணியோ இறுதிக்கு வந்துவிட்டது! இதை வாசிக்கும் இந்நேரம் பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடும். எங்களுக்குப் பாதிக் காது அங்கே இருக்கும்; உங்களுக்கு முழுக் காதும் அங்கேதான்.

எங்கள் பதைப்பு கோப்பைக்காக மட்டுமல்ல, ஐயா. உங்கள் துணைவியார் அக்னஸ் அம்மாள் கீழ்வேளூர்க் கடைத்தெருவில் வெளியூர், வெளிநாடு பேசும் எஸ்.டி.டி. பூத் வைக்க அனுமதி வாங்கி, நீங்கள் வந்து உட்காரக் காத்திருக்கிறார். மகன் டேவிட்சனோ சார்ஜாவிலிருந்து இருவருக்கும் டிக்கெட் அனுப்பிவிட்டார். பலகையைத் துடைத்தபடி நீங்கள் எங்களில் ஒருவரான அம்சவல்லியிடம் சொன்னது எங்களைச் சுட்டது: "எனக்கும் அதே ரெண்டு மார்க்குதாம்மா. இனிமே கடை வச்சு என்ன நிக்கப் போறேன்? பையன் வீட்ல போய் உக்காந்துக்கறேன்."

உங்கள் மதிப்பீட்டை மறுத்துப் பேச எங்களில் எவருக்கும் துணிவு வரவில்லை. ஆகவே இந்தப் பிரிவு மடலின் அடியில் நான்கு வரி இடம் விட்டு அச்சிட்டிருக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் உங்கள் கையாலேயே நிரப்புங்கள். அதன் பிறகே கண்ணாடிச் சட்டம் போடுவோம்.

நலமும் வளமும் நாளும் பெருகட்டும்! நீங்கள் நூறைத் தொட வேண்டும் ஐயா. அவசரமில்லை, ஒற்றை ஒற்றை ரன்னாகவே வாருங்கள்.

அன்பில் கட்டுண்ட
நிலைய ஊழியர்கள்

(அடியில், நீல மையில்)

மூன்று ரன்னில் தோற்றோம். கோப்பை வராது என்று நான் சொன்னது சரிதான்.
ஆறாமவர் எழுபத்தொன்று, கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. அவருக்குப் போட்ட மார்க் தவறு.
நாங்கள் வரவில்லை என்று டேவிட்சனிடம் சொல்ல வேண்டும்.
அதை அக்னஸின் பூத்திலிருந்து பேசிக்கொள்கிறேன். — சவரியப்பன்