மூன்று நிறத்துக் கள்ளிப்பழம்

சிறுநீரகப் பரிசோதனை முகாமைத் தொடங்கி வைக்கக் கூப்பிட்டிருக்கீங்க. அதனால சபையில சொல்லக் கூச்சமான ஒண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும். போன வருஷம் இத்தாலியில, ஒரு ஓட்டல் கழிப்பறையில, என் சிறுநீரைப் பார்த்து நான் அழுதேன். சிரிக்காதீங்க... அது ரத்தச் சிவப்பா இருந்துச்சு.

கதை சின்னதுதான். நர்ஸம்மா ஊசியைப் பிரிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும்.

நம்ம வெள்ளோட்டுத் திராட்சைக்காரங்க குடும்பத்தோட ரோமாபுரிக்குத் திருப்பயணம் போனோம். அப்படியே சிசிலித் தீவுக்கும். அங்க எங்களுக்கு வழிகாட்டி கனகசுந்தரம், பலெர்மோ நகரத்துல குடியேறின யாழ்ப்பாணத்துக்காரர். பொம்பளைங்க கோயில்ல ஜெபமாலை சொல்லிட்டிருந்த நேரத்துல, ஆம்பளைங்களை மட்டும் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனார். நாம பன்னீர் திராட்சையைப் பந்தல்ல ஏத்துறோம். அங்க இடுப்பளவுக் குத்துச்செடி. 'நேரோ தாவொலா'ன்னு ஒரு கறுப்புத் திராட்சை. "இதைத் தின்னுறேல்லை ஐயா, குடிக்கிறது"ன்னார். குடிச்சோம். எவ்வளவுன்னு கேக்காதீங்க. என் வீட்டுக்காரம்மா ரெஜினா ரெண்டாவது வரிசையில இருக்கா, அவளுக்கு இது இப்பத்தான் தெரியும்.

அப்புறம் தட்டுல பழம் வந்துச்சு. பார்த்தா, நம்ம வேலியோரம் காய்க்கிற சப்பாத்திக்கள்ளி. அங்க அதுக்குப் பேரு 'இந்தியா அத்தி'யாம். சிவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு மூணு நிறம். தலைக்கு ஒண்ணு. கையில வச்சு போட்டோ எடுத்துக்கிட்டுத் தின்னோம்.

மறுநாள் காலையில... அதான், சொன்னேனே.

அழற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு குழாயைத் திறந்து விட்டேன். ஒயின்தான். கிட்னி போச்சு. திருப்பயணத்துல திருட்டுத்தனமாக் குடிச்சதுக்கு ஆண்டவர் கூப்பிட்டுட்டார். வெளிய ரெஜினா தட்டுறா. "என்னங்க, உள்ளயே குடித்தனம் வச்சிட்டீங்களா?" சொன்னா ஒயினைச் சொல்லணும். சொல்லலைன்னா செத்துடுவேன். எது பெரிய பயம்? கல்யாணமான ஆம்பளைங்க சொல்லுங்க... பார்த்தீங்களா, எல்லாரும் வீட்டுக்காரம்மாவைத் திரும்பிப் பார்க்கிறாங்க.

கோயிலுக்குப் போனா, நம்ம ஆம்பளைங்க பூராவும் முழங்கால்ல. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. கூட வந்த ஃபாதர் பூரிச்சுப் போயிட்டார். ஊர்ல பூசை முடியிற வரைக்கும் வாசல்ல நின்னு பீடி குடிக்கிற நம்ம சவரிமுத்து, பீடத்துக்கு முன்னாடி குலுங்கிக் குலுங்கி அழறார். பக்கத்துல போய் முட்டி போட்டேன்.

"என்ன மச்சான்?"

"ஒண்ணுமில்ல மாப்ள... கடைசிப் பயலுக்கு இன்னும் கல்யாணம் ஆகலை."

"மச்சான்... உனக்கும் சிவப்பா?"

அந்த மனுஷன் என் கையைப் பிடிச்ச பிடி இருக்கே... எலும்பு நொறுங்கிடும் போல இருந்துச்சு.

ரெண்டு பேரும் போய்க் கனகசுந்தரம் காதுல சொன்னோம். அவர் சிரிச்சு முடிக்கிற வரைக்கும் எங்களுக்கு உசுரு இல்ல. "பயப்பிடாதேங்கோ ஐயா. வைன் ஒண்டும் செய்யேல்லை. சிவத்த பழம் திண்டா அப்பிடித்தான் போகும். மஞ்சள், வெள்ளை திண்ட ஆக்களுக்கு ஒண்டும் இராது. நாளைக்குச் சரியாயிடும்."

சரியாயிடுச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டுல சவரிமுத்து பாட்டே பாடினார்.

ஏன் சொல்றேன்? அந்தக் கோயில்ல அத்தனை பேரும் தனித்தனியாச் செத்துக்கிட்டிருந்தோம். ஒருத்தன் வாயைத் திறந்தான், எல்லாரும் பிழைச்சோம். உங்க உடம்புல ஏதாவது மாறுதா? ஒளிக்காதீங்க. வீட்டுல சொல்லுங்க. டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க. திட்டுவாங்க... திட்டட்டும். வெக்கத்துக்காக உசுரை விடுவீங்களா?

உங்களுக்குக் காட்டலாம்னு இன்னைக்குக் காலையிலதான் அந்த போட்டோவைத் தேடி எடுத்தேன். சவரிமுத்து கையில சிவப்புப் பழம். மத்தவங்க கையிலயும் சிவப்புதான்.

ரெஜினா, இங்க பாரு... என் கையில இருக்கிறது மஞ்சள்.