கிள்ளான் வீட்டுப் புதுத் தரை

புதுத் தரையில் டாய்லெட் பௌலைப் பொருத்தும்போது அவசரப்படக் கூடாது என்பது என் கட்சி. மலேசியாவில், இந்தக் கிள்ளான் ஊரில் முப்பது வருஷமாக பிளம்பர் வேலை பார்க்கிறேன். ஒரு வீட்டிலும் யாரும் என் வேலையைக் குறை சொன்னதில்லை.

பழைய டைல்ஸ்மேலேயே புது டைல்ஸ் ஒட்டினால் தரை அரை அங்குலம் உயர்ந்துவிடும். கழிவுக் குழாயின் வாய் பள்ளத்தில் போய்விடும். வளையம் வைத்து அதை உயர்த்த வேண்டும். நீளமான போல்ட் போட்டு, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி முடுக்கி, ஏறி உட்கார்ந்து ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் எனக்கு அத்துப்படி. போன வருஷம் என் வீட்டுப் பாத்ரூமுக்குப் புது டைல்ஸ் ஒட்டியபோது மட்டும் இதில் ஒன்றையும் செய்யவில்லை.

ரவாங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் என் மகள் வாணியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைப் பையன் விமலன் தங்கமான பிள்ளை. நானும் விசாரித்துப் பார்த்துவிட்டேன், ஒரு குறையும் அகப்படவில்லை. மனைவி போன பிறகு எனக்குச் சோறாக்கிப் போடுவதும் பிரஷர் மாத்திரை எடுத்துத் தருவதும் வாணிதான். அவளை அனுப்பிவிட்டு நான் கடைச் சோறு தின்று சாக வேண்டுமா?

பையனின் அம்மா சந்திரகலா கொஞ்சம் பருமனான அம்மாள். பாத்ரூம் எங்கே என்று கேட்டார். நானே மரியாதையாக வழி காட்டினேன். பௌலோடு சாய்ந்துவிட்டார். பெரிய அடியில்லை, இடது கை முறிந்தது, அவ்வளவுதான். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் இப்படியா என்று வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். நம் ஆட்களிடம் இது ஒரு வசதி. பிளம்பரை யாரும் கேட்கமாட்டார்கள், பெண்ணின் ராசியைத்தான் கேட்பார்கள். அன்று மாலையே பௌலை முறையாகப் பொருத்திவிட்டேன். இப்போது யானை உட்கார்ந்தாலும் அசையாது.

இரண்டு வாரம் கழித்து விமலன் தனியாக வந்தான். வாணி காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருந்தாள்.

"அங்கிள், அம்மா சொல்றத விடுங்க. எனக்கு வாணியத்தான் பிடிச்சிருக்கு. அவங்களுக்கும் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் போன் போட்டு, அவளுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். பாவம், அழுதான். வாணியிடம் அவன் வந்ததையே நான் சொல்லவில்லை. வீணாக அவள் மனதை ஏன் கெடுக்க வேண்டும்?

அவளுக்கு இப்போது முப்பத்தாறு. நேற்று தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எனக்கு மட்டும் ஏம்பா ராசியே இல்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. பெற்ற மனம் இல்லையா?

"யார் கைவிட்டாலும் அப்பா இருக்கேன் லா," என்றேன்.

அவள் இன்னொரு தோசையை என் தட்டில் வைத்தாள். என்னை விட்டால் அந்தப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள், நீங்களே சொல்லுங்கள்.