உசேனின் பனியன்

எண்பத்தாறாம் வருஷம், மாசி மாதம். இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது. பென்னாகரத்துக்குப் போகும் காட்டு ரோடு... ஒரே ஒரு சைக்கிள். மிதிப்பவன் காளியப்பன். பின்னால் கேரியரில், கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி பச்சியப்பன். என் கூட்டாளி மாதுவின் சித்தப்பா. அவர் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன். கிட்ட வந்து உட்காருங்கள்.

இருவருக்கும் ஊர் ஊராகப் போய்க் கபடி ஆடுவதுதான் பிழைப்பு. அன்றைக்கு ஃபைனலில் ஜெயித்திருந்தார்கள். அதற்கு முன்னால் கொஞ்ச காலமாக ஃபைனல் வந்தாலே தோல்விதான். 'கபடி கபடி' என்று பாடிப் போகிறவனுக்குப் பாதியில் மூச்சு அறுந்துவிடும். உசேன் விட்ட சாபம் என்று ஊரே பேசியது.

உசேன் காரிமங்கலத்துக்காரன். எதிர் அணி. பிடிபட்டவன் பாட்டை விடாமல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால், பிடித்தவர்கள் எல்லோரும் அவுட். அதனால் ஒரு திருட்டு வேலை உண்டு. மேலே விழுந்து வாயைப் பொத்திவிடுவார்கள். நடுவருக்குப் பாட்டு கேட்காதே. உசேனைப் பிடித்தபோது காளியப்பன் பொத்தினான்... மூக்கையும் சேர்த்து. எல்லோரும் எழுந்தார்கள். உசேன் எழவில்லை. "வெளையாட்டுல சகஜங்க" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார்கள், அயோக்கியர்கள். எனக்கு அவர்கள் மேல் துளிகூடப் பரிதாபம் கிடையாது.

சாபம் தீர வத்தல்மலையில் போய்க் குறி கேட்டார்கள். "அவன் வேர்வ பட்ட துணி உங்க ஒடம்புல இருந்தா, அவன் உங்க பக்கம் வந்துருவான்" என்று குறி வந்தது. நேராக உசேனின் தாய் ஜான் பீயிடம் போனார்கள். அவன் படத்தோடு மாட்டி வைக்கிறோம் என்று பொய் சொல்லிப் பனியனைக் கேட்டார்கள். துவைக்காமல் வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள்.

அதைப் போட்டுக்கொண்டுதான் காளியப்பன் அன்று ஆடினான். மூச்சு ஒருமுறைகூட அறுபடவில்லை. கழற்றாமல் அப்படியே சைக்கிளில் ஏறினான்.

மேடு ஏறும்போது பாட ஆரம்பித்தான். கபடி கபடி கபடி... ஜெயித்த சந்தோஷம் என்று பச்சியப்பன் சிரித்தார். மேடு முடிந்தது. பாட்டு முடியவில்லை. குப்பென்று நீலகிரித் தைல வாசம். உசேன் முட்டிக்குத் தடவுகிற தைலம்...

"டேய், போதும். மூச்சு வுடுடா."

கபடி கபடி கபடி...

சைக்கிள் சாய்ந்தது. கோப்பை ரோட்டில் டணங்கென்று விழுந்து உருண்டது. காளியப்பன் மண்டி போட்டிருந்தான். இரண்டு கையாலும் பனியனைப் பிய்க்கிறான், கிழியவில்லை. கண் பிதுங்குகிறது. உதடு மட்டும் நிற்கவில்லை. குரல் அவனுடையது இல்லை. யாருடையது என்று பச்சியப்பனுக்குத் தெரியும்... ஒரே ஒரு வாய்க் காற்று போதும், பிழைத்திருப்பான். இழுக்க விடவில்லை. அவன் மல்லாந்து விழுந்து அடங்கிய பிறகும் பாட்டு கொஞ்ச நேரம் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் பச்சியப்பன் பனியனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு காரிமங்கலம் போனார். ஜான் பீ வாங்கினாள். நிதானமாக மடித்தாள்.

"அம்மா... எங்கள வுட்டுடச் சொல்லுங்க. உங்க புள்ளகிட்ட சொல்லுங்க."

"வாயப் பொத்துனது காளியப்பன். அது எனக்குத் தெரியும்" என்றாள். "காலப் புடிச்சது யாருங்க?"

 பச்சியப்பன் வெளியே வந்து ரோட்டுக்கு ஓடினார். தருமபுரி பஸ் நின்றது. படியில் ஒரு காலை வைத்தார். இன்னொரு கால்... தரையை விட்டு எழவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். பஸ் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

கணுக்காலில் மட்டும் ஐந்து விரல்கள்... மெல்ல இறுகிக்கொண்டிருந்தன.